வாயில் கறுப்புப் புள்ளி: டெர்மோஸ்கோப் எதைக் காட்டும், எதைக் காட்டாது

கீழுதட்டில் ஒரு கறுப்புப் புள்ளி. வலி இல்லை, வளரவும் இல்லை. கூகுளில் தேடிப் பார்த்த பிறகு தூக்கம் மட்டும் போய்விட்டது. தோல் மருத்துவரான என்னிடம் இப்படி வருகிறவர்கள் நிறைய. அவர்களில் பெரும்பாலோருக்கு வெட்டிச் சோதிக்க வேண்டிய தேவையே இருக்காது. அதை முடிவு செய்யத்தான் டெர்மோஸ்கோப் உதவுகிறது.

உள்ளங்கையில் அடங்கும் கருவி. தோலைப் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். எச்சில் ஈரத்தில் வாயின் உட்புறம் பளபளக்கும் அல்லவா, அந்த மினுக்கத்தை இதன் போலரைஸ்டு ஒளி வெட்டிவிடும். லென்ஸ்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, ஸ்கேனுக்குத் தடவும் ஜெல்லை ஒரு சொட்டு வைத்து உதட்டில் மெதுவாகப் பதிப்பேன். நோயாளிக்குக் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான்.

சாதாரண உதட்டுப் புள்ளியில் பழுப்புக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக, ஒழுங்காக ஓடும். ஊதா நிறத்தில் இருந்து, கண்ணாடி வைத்து அழுத்தினால் வெளிறினால் அது விரிந்த ரத்தக்குழாய், நிறமியே அல்ல. நாக்கில் கரும்புள்ளிகளோடு வந்து, ‘கருநாக்கு’ என்று வீட்டில் வாங்கிய ஏச்சையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. அங்கே நாக்கின் சுவைமொட்டு முகடுகள் ரோஜா இதழ் மாதிரி விரிந்து தெரியும். மாநிறத்தவர்களிடம் சர்வசாதாரணம், சிகிச்சை வேண்டாம். சொன்ன வாக்கு பலிக்கிறதா என்பது என் துறை இல்லை!

சரி, பயப்பட வேண்டியது எப்போது? நீலம், சாம்பல், வெள்ளை இவற்றில் ஏதாவது ஒரு நிறம் தெரிந்து, கோடோ புள்ளியோ இல்லாத வெறும் திட்டாக இருந்தால் மெலனோமாவை, அதாவது நிறமிச் செல்களில் வரும் புற்றுநோயை, நினைக்க வேண்டும். பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சேர்க்கையைத்தான் முக்கிய அடையாளமாகச் சொன்னது. சிக்கல் என்னவென்றால், பல்லில் ‘வெள்ளி’ அடைத்த அமால்கத்தின் துகள் ஈறில் பதிந்திருந்தாலும் இதே நீலச்சாம்பல்தான் தெரியும். பக்கத்துப் பல்லை எக்ஸ்ரே எடுத்தால் சில சமயம் உலோகத் துகள் தெரியும். தெரியாவிட்டால் சிறு துணுக்கை வெட்டிச் சோதிக்கும் பயாப்ஸிதான். அதில் நான் தயங்குவதில்லை.

கருவிக்கு ஒரு பெரிய குறை உண்டு. வாய் மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் மேலண்ணத்திலும் மேல் ஈறிலும் வரும். டெர்மோஸ்கோப்பின் தலையோ அங்கே சரியாகப் போய் உட்காராது. தொடக்கத்தில் வலியும் இருக்காது என்பதால், பல்லுக்காகப் போகும்போது பல் மருத்துவர் கண்ணில் பட்டால்தான் உண்டு. மேல்பல் செட் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் காட்டுங்கள். சில மெலனோமாக்களுக்கு நிறமே இருக்காது. அதனால் ஆறாத புண், கட்டி எதுவானாலும் காட்டிவிட வேண்டும்.

நம் ஊரில் ஈறு இருபுறமும் ஒரே சீராகக் கறுத்திருப்பது இயல்பு. புதிதாக, ஒரே இடத்தில், ஒழுங்கில்லாமல் வந்த கறுப்புதான் கவனிக்க வேண்டியது. குழந்தையின் உதட்டைச் சுற்றிப் பல புள்ளிகளோடு அடிக்கடி வயிற்றுவலியும் இருந்தால் குடலையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். அப்புறம், வரும்போது சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்து வாருங்கள். முடக்குவாதத்துக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கூட மேலண்ணத்தை நீலச்சாம்பலாக்கும்.