கேமரா பார்க்கும் வெள்ளை

பேட்டரியில் ஓடும் எல்இடி லைட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட் என்பதைத்தான். படப்பிடிப்புக்கு அது மட்டும் போதாது. ஒரே வாட், கண்ணுக்கு ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியும் இரண்டு லைட்டுகள். ஒன்றின் முன்னால் நிற்கும் முகம் களையாக இருக்கும். இன்னொன்றில் காய்ச்சல்காரர் மாதிரி வெளிறிப்போகும்.

எல்இடி சிப் உமிழ்வது நீல ஒளி. அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். அதன்மேல் பூசியிருக்கும் மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் அந்த நீலத்தில் ஒரு பங்கை உறிஞ்சி, பச்சையும் மஞ்சளும் கொஞ்சம் சிவப்புமாகத் திருப்பித் தருகிறது. மிச்ச நீலத்தோடு இது கலந்தால் நமக்கு வெள்ளை. இந்த வெள்ளைக்கு வழி திறந்த நீல எல்இடிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் அந்தக் 'கொஞ்சம் சிவப்பில்' இருக்கிறது. தோலின் உயிர்ப்பு சிவப்பில்தான் தெரியும். ஆழ்ந்த சிவப்பு நம் கண்ணுக்கு மங்கலாகவே படும் என்பதால், சிவப்பு பாஸ்பரைக் கூட்டினால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் லூமென் கணக்கு குறைந்துவிடும். பெட்டியில் பெரிய எண் போட நினைக்கும் தயாரிப்பாளர் கைவைப்பது இங்கேதான். லைட்டில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்று நூற்றுக்கு மதிப்பிடும் சிஆர்ஐ 80 என்றால் நல்ல மதிப்பெண் போலத் தோன்றும். ஆனால் அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பைச் சோதிக்கும் ஆர்9 அந்தக் கணக்கிலேயே வராது. என்னைக் கேட்டால் வாட்டுக்கு முன் ஆர்9 எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்று நம்பவும் முடியாது. லைட்டில் இல்லாத சிவப்பை அங்கே ஏற்றினால் மற்ற நிறங்களும் சேர்ந்து திரியும், படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸும் கூடும்.

அடுத்தது டிம் செய்வது. பல லைட்டுகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது உண்மையில் மங்குவதில்லை. நொடிக்குப் பல நூறு முறை, சிலவற்றில் பல ஆயிரம் முறை அணைந்து எரிகின்றன. அணைந்திருக்கும் நேரம் கூடக்கூட, கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. ஆனால் பெரும்பாலான கேமராக்களின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் ஒவ்வொரு வரிக்கும் நிறையத் துடிப்புகள் கிடைக்கும், வித்தியாசம் தெரியாது. ஸ்லோமோஷனுக்காக 1/2000க்குப் போனால், துடிப்பு கிடைத்த வரி வெளிச்சமாகவும் கிடைக்காத வரி இருட்டாகவும் பதிந்து படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். வாங்கும் முன் லைட்டைப் பத்து சதவீதத்துக்கு இறக்கி, ஃபோன் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். பட்டை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, பேட்டரி இறங்கும்போது லைட் ஏன் உடனே மங்குவதில்லை? படப்பிடிப்பு லைட்டிலும் கேமராவிலும் மாட்டும் விமவுன்ட் பேட்டரியில் பொதுவாக நான்கு லித்தியம் அயான் செல்கள் தொடராக இணைந்திருக்கும். முழு சார்ஜில் 16.8 வோல்ட்; தீரும் நேரத்தில் 12 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். எல்இடியோ வோல்டேஜ் சற்றே மாறினாலும் மின்னோட்டத்தில் பெரிய வித்தியாசம் காட்டும். அதனால் நடுவில் டிரைவர் சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. அணையில் நீர்மட்டம் இறங்கினாலும் வாய்க்காலுக்கு ஒரே அளவு தண்ணீர் விடும் மதகு மாதிரி, அது மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும். டங்ஸ்டன் பல்பை நேரடியாகப் பேட்டரியில் போட்டால் மங்குவதோடு நிறமும் சிவந்துகொண்டே போகும். இங்கே கடைசி வரை ஒரே வெளிச்சம், அப்புறம் திடீரென்று அணைப்பு. இருக்கும் சார்ஜைக் கணக்கு வைத்துக்கொள்ளாவிட்டால் நடு ஷாட்டில் இருட்டுதான்.

கணக்கு எளிது. 99 வாட் மணி, அதாவது 99 வாட்டை ஒரு மணி நேரம் தரக்கூடிய பேட்டரியில் 60 வாட் லைட்டை முழு வெளிச்சத்தில் எரித்தால் சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடும். பல பேட்டரிகள் 98, 99 வாட் மணி என்றே வருவது விமானப் பயண விதியால்: 100 வாட் மணிக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். உதிரி பேட்டரி எதுவானாலும் கைப்பையில்தான் எடுத்துப் போகலாம், செக்இன் பெட்டியில் வைக்கக் கூடாது.