ஜெர்மனியில் படிக்கப் போகிறீர்களா? இன்சூரன்ஸ் படிவத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் அட்மிஷனுக்கும் விசாவுக்கும் ஆறு மாதம் அலைகிறார்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் போட்ட கையெழுத்தால் படிப்பு முடியும்வரை அவதிப்படும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் எளிது. அரசு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பில் சேர்ந்து, வயது 30-க்குள் இருந்தால், மாணவர் கட்டணத்தில் பப்ளிக் இன்சூரன்ஸ் (சட்டப்படி இயங்கும் பொதுக் காப்பீடு) கிடைக்கும். 2025 கணக்கில் மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ. டிகே, ஏஓகே, பார்மர் என்று எந்த பப்ளிக் நிறுவனத்தில் சேர்ந்தாலும் அடிப்படைப் பலன்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஏற்கனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. வருமானம் இல்லாத கணவனோ மனைவியோ, குழந்தையோ உடன் வந்து வசித்தால் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம்.

இனி பொறிக்கு வருவோம். "மாதம் நூறு யூரோ மிச்சமாகும், பிரைவேட் எடுங்கள்" என்று ஒரு ஏஜென்ட் சொல்வார். பிரைவேட் எடுத்தாலும் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய, 'இவருக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து (அதாவது பப்ளிக்கிலிருந்து) விலக்கு உண்டு' என்று ஒரு பப்ளிக் இன்சூரன்ஸ் நிறுவனம்தான் தகவல் அனுப்ப வேண்டும். அதற்காக ஒரு படிவம் நீட்டுவார்கள். 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி' என்பார்கள். அதில் 'பெஃப்ரையுங்' (Befreiung) என்ற ஜெர்மன் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் விலக்கு விண்ணப்பம். கட்டாயக் காப்பீடு தொடங்கி மூன்று மாதத்துக்குள் அதைக் கொடுக்கலாம். கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது, அந்தப் படிப்பு முடியும்வரை பப்ளிக் கதவு மூடியாயிற்று. மலிவு பாலிசிகள் பலவற்றில் பழைய நோய்க்கு இடமில்லை, பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, டாக்டர் பில்லை முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். படிப்பு முடிந்து வேலை தேடும் 18 மாத அனுமதிக் காலத்திலும் இந்தக் கையெழுத்து பின்தொடரும். கட்டாயக் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலை கிடைக்கும்வரை பப்ளிக்கில் நுழைவது பெரும்பாலும் நடக்காது.

மொழிப் படிப்பு, ஸ்டூடியன்கொலெக் (பட்டப்படிப்புக்கு முந்தைய ஆயத்தப் படிப்பு) ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு மாணவர் கட்டணம் கிடையாது. அவர்களுக்குப் பிரைவேட்தான். பட்டப்படிப்பில் சேரும்போது பப்ளிக்குக்கு மாறலாம், அந்த நேரத்தில் மறந்துவிடாதீர்கள். 30 தாண்டியபின் புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் மாணவர் காப்பீடு இல்லை. இதை அட்மிஷன் கடிதத்தில் யாரும் எழுதுவதில்லை. படிப்பின் நடுவில் 30 முடிந்தால், அந்த செமஸ்டர் இறுதியோடு மாணவர் கட்டணம் போய்விடும். தொடரலாம், ஆனால் 2025 கணக்கில் குறைந்தபட்சமே மாதம் 250 யூரோவை ஒட்டி வந்தது.

அப்புறம் அலைக்கழிப்பு. விசாவுக்காக வாங்கிய காகிதச் சான்று கையில் இருக்கும். பல்கலைக்கழகமோ "உங்கள் காப்பீட்டுத் தகவல் வரவில்லை" என்று பதிவை நிறுத்திவைக்கும். காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டால் "சான்று கொடுத்துவிட்டோமே" என்பார்கள். இருவர் சொல்வதும் சரி, நடுவில் நிற்பது நீங்கள்! 2022 முதல் அந்தத் தகவல் மின்னணு முறையில் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அதற்கு 'எம்10' என்று பெயர். காகிதத்தைக் காட்டி வாதாடிப் பயனில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிப்பிட்டு "எம்10 அனுப்புங்கள்" என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள்.

இன்சூரன்ஸ் கார்டு வரவில்லையா? தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும், அதற்காக யாரும் உங்களை அழைத்துச் சொல்லப்போவதில்லை. கார்டு வரும்வரை டாக்டரிடம் போக வேண்டியிருந்தால் தற்காலிகச் சான்று கேளுங்கள், தருவார்கள்.

மாணவர் காப்பீடு செமஸ்டர் தொடங்கும் நாளிலோ அதன்பின் பதிவு செய்த நாளிலோதான் ஆரம்பிக்கும். குளிர்கால செமஸ்டர் பல பல்கலைக்கழகங்களில் அக்டோபர் 1. செப்டம்பரிலேயே போய் இறங்கினால் அந்த இடைவெளிக்கு டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம் வேண்டும். அதே டிராவல் பாலிசியை வைத்துக்கொண்டு படிப்பை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழகப் பதிவுக்கும் அது செல்லாது, குடியிருப்பு அனுமதிக்கும் அதை நம்ப முடியாது.

கட்டணம் இரண்டு மாதத்துக்கு நிலுவையானால் அவசரச் சிகிச்சை போன்றவை தவிர மற்றவை பெரும்பாலும் நிறுத்தப்படும். தகவல் பல்கலைக்கழகத்துக்கும் போகும், அடுத்த செமஸ்டர் பதிவு சிக்கலாகும். வங்கிக் கணக்கை மாற்றினால் அன்றே சொல்லிவிடுங்கள். நாட்டை விட்டே கிளம்பும்போது நகராட்சியில் முகவரியை நீக்கிய சான்றையும் பல்கலைக்கழக விலகல் சான்றையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். சொல்லாமல் விமானம் ஏறினால் நீங்கள் அங்கே இருப்பதாகவே கணக்கு ஓடும், பில்லும் ஓடும்.