தெருமுனையில் 20 அடி: கலிஃபோர்னியாவின் பார்க்கிங் சட்டம் சொல்வது என்ன?

கலிஃபோர்னியாவில் தெருவோரம் கார் நிறுத்துகிறவர்கள் பலர் இன்னும் ஒரே ஒரு அடையாளத்தைத்தான் பார்க்கிறார்கள்: கர்பில், அதாவது நடைபாதையின் ஓரக்கல்லில், நிறுத்தக் கூடாது என்று காட்டும் சிவப்புப் பெயின்ட் இருக்கிறதா? இல்லையென்றால் தாராளமாக நிறுத்திவிடுகிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் இந்தக் கணக்கு செல்லாது. தெருமுனையில், நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் இடமான கிராஸ்வாக்குக்கு முந்தைய 20 அடிக்குள் வண்டி நின்றால், பெயின்ட் இல்லாவிட்டாலும் பலகை இல்லாவிட்டாலும் டிக்கெட் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

இது ஏபி 413 என்ற மசோதாவாக வந்தது. செய்திகளில் 'டேலைட்டிங் சட்டம்' என்பார்கள்; முனையில் கார் நிற்காமல் பார்வையைத் திறந்துவிடுவதுதான் டேலைட்டிங். கொண்டுவந்தவர் ஃப்ரீமான்ட், மில்பிடாஸ், சான் ஹோசேயின் ஒரு பகுதி ஆகியவை அடங்கிய தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அலெக்ஸ் லீ. ஆளுநர் கேவின் நியூசம் 2023 அக்டோபரில் கையெழுத்திட்டார். 2024 முழுவதும் மக்கள் பழகிக்கொள்வதற்காக எச்சரிக்கைச் சீட்டு மட்டும்தான். ஏற்கெனவே பெயின்ட் அடித்த, பலகை வைத்த இடங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இப்போது அந்தப் பழகும் காலமும் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படி ஒரு விதி முன்பே இருந்தது. நியூ ஜெர்சியில் தூரம் 25 அடி. கலிஃபோர்னியாதான் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, ஏன் 20 அடி? ஒரு கார் நிற்கும் நீளமும் அதற்கு மேல் கொஞ்சமும்தான் அது. ஆனால் முனையை ஒட்டி நிற்கும் அந்த ஒரு கார்தான் எல்லாவற்றையும் மறைக்கிறது. அது எஸ்யூவியாகவோ டெலிவரி வேனாகவோ இருந்தால் வளர்ந்த ஆளே தெரியமாட்டார். ஆறு வயதுக் குழந்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடக்க நினைப்பவர் அந்த வண்டியின் மூக்கைத் தாண்டி வந்து எட்டிப் பார்க்கும்போது, ஓடும் லேனுக்கு ஓரிரு அடி தூரத்தில் நிற்கிறார். மணிக்கு 25 மைல் என்பது குடியிருப்புத் தெருவில் வழக்கமான வேக வரம்பு. அந்த வேகத்தில் கார் ஒரு நொடிக்குச் சுமார் 37 அடி ஓடும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்தாலும் 55 அடி போய்விடுகிறது. வண்டி நிற்கத் தேவையான தூரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முனையில் மறைப்பு இல்லையென்றால் இருவரும் ஒருவரையொருவர் முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள். ஸ்டாப் சைனில் நிற்கும் ஓட்டுநருக்கும் இதே நன்மை. குறுக்குத் தெருவில் வருவது தெரியாமல் வண்டியை அங்குலம் அங்குலமாக முன்னே நீட்ட வேண்டியதில்லை.

நியூ ஜெர்சியின் ஹோபோக்கன், சுமார் அறுபதாயிரம் பேர் நெருக்கியடித்து வாழும் ஊர். 2017 ஜனவரிக்குப் பின் ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக அதன் தெருக்களில் வாகன விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. அங்கே வேக வரம்பைக் குறைத்தார்கள், வேறு மாற்றங்களும் செய்தார்கள். ஆனால் முனைகளில் கார் நிற்காமல் தடுத்தது அந்த வேலையின் மையம். சான் ஃபிரான்சிஸ்கோவின் டெண்டர்லாயின் பகுதியில் முனைகளைத் திறந்துவிட்ட பிறகு மோதல்கள் 14 சதவீதம் குறைந்ததாக அந்நகரப் போக்குவரத்து முகமை சொல்லியிருக்கிறது. ஒரு டப்பா சிவப்புப் பெயின்டில் இவ்வளவு கிடைக்கும் என்றால் தயங்குவதற்கு என்ன இருக்கிறது?

இனி, 20 அடியை எங்கிருந்து அளப்பது? பலரும் தடுமாறுவது இங்கேதான். கோடு போட்ட கிராஸ்வாக் என்றால் சிக்கல் இல்லை, கோட்டிலிருந்து அளக்கலாம். கோடு போடாத முனையிலும் சட்டப்படி கிராஸ்வாக் உண்டு. இரண்டு தெருக்கள் ஏறக்குறைய செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில், நடைபாதையின் இரு ஓரங்களையும் சாலைக்குக் குறுக்கே அப்படியே நீட்டிக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டைதான் கிராஸ்வாக். அதன் விளிம்பிலிருந்து 20 அடி, அதாவது சாதாரண நடையில் ஏறக்குறைய எட்டு முறை கால் எடுத்து வைக்கும் தூரம். சந்து மாதிரியான பின்வழிகள் சாலையைத் தொடும் இடங்களில் கோடு போட்டிருந்தால் ஒழிய இது பொருந்தாது.

எல்லாப் பக்கமும் 20 அடி விட வேண்டுமா? வேண்டாம். வண்டிகள் கிராஸ்வாக்கை நோக்கி வரும் பக்கத்தில் மட்டும். இருவழித் தெரு என்றால் ஒரு எளிய வழி இருக்கிறது: கடக்கப்போகிறவர் மாதிரி கர்பில் நில்லுங்கள். உங்கள் இடது கைப்பக்கம் 20 அடி காலியாக இருக்க வேண்டும். இங்கே போக்குவரத்து சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், அருகிலுள்ள லேனில் கார் இடமிருந்துதான் வரும். சந்திப்பைத் தாண்டியவுடன் வரும் இடத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஒருவழித் தெருவில் வண்டி வரும் திசையில் இரண்டு ஓரமும் கணக்கில் சேரும். டி வடிவச் சந்திப்பில் முனையே இல்லாத நேர் கர்ப் பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். எதிர்ப்பக்கத்து நடைபாதையிலிருந்து வரும் கிராஸ்வாக் அங்கேதான் வந்து முடிகிறது. கர்ப் நேராக இருப்பதால் அங்கே நிறுத்திவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் ஏராளம்.

நடைபாதை முனையைச் சாலைக்குள் நீட்டிக் கட்டிய இடங்களில் 15 அடி போதும். நடப்பவர் ஏற்கெனவே முன்னே வந்து நிற்பதால் நன்றாகத் தெரிவார். பாதுகாப்புத் தரநிலைகளைக் காரணமாகக் காட்டி நகராட்சிகள் வேறு தூரம் வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் அதைப் பெயின்டாலோ பலகையாலோ காட்ட வேண்டும். சரக்கு ஏற்றி இறக்கவும் சைக்கிள் நிறுத்தவும் இந்த இடத்தை உள்ளூர் நிர்வாகம் அனுமதிக்க முடியும்.

ஓட்டுநர் உள்ளேயே இருந்தாலும் விலக்கு இல்லை. அபாய விளக்கைப் போட்டுவிட்டு "ரெண்டே நிமிஷம்" என்பதும் எடுபடாது. ஊனமுற்றோருக்கான நீல அட்டை இருந்தாலும் எல்லா வண்டிகளுக்கும் தடை உள்ள இடத்தில் நிறுத்த முடியாது. முனை வீட்டுக்காரர் தன் வீட்டு வாசலில்தான் நிறுத்தினேன் என்று சொல்வதும் அப்படியே; வாசல் முன்னால் இருக்கும் கர்ப் அவருடையது அல்ல.

அபார்ட்மென்ட்கள் நெருங்கிய தெருக்களில் இது கஷ்டம் என்பது உண்மை. ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று வண்டிகள், இரவு ஒன்பது மணிக்கு மேல் இடம் தேடிச் சுற்றுவது, அதில் ஒவ்வொரு முனையிலும் ஒரு இடம் குறைவது எல்லாம் சிறிய விஷயமில்லை. ஆனாலும் அந்த இடத்தில் வண்டி நிற்பதால் யார் ஆபத்தைச் சுமக்கிறார்கள் என்று பார்த்தால் எனக்குச் சந்தேகமே வருவதில்லை. பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள், ஸ்ட்ரோலர் தள்ளுபவர்கள், மெதுவாக நடக்கும் முதியவர்கள். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் நம் அப்பா அம்மாக்கள் இதில் இன்னும் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள். சாலையில் இறங்கும்போது முதலில் வலப்பக்கம் பார்ப்பது அவர்களுக்கு வாழ்நாள் பழக்கம். இங்கே முதல் கார் வருவது இடமிருந்து. அந்த இடப்பக்கத்தையும் ஒரு வேன் மறைத்து நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மாலை நடைக்கு அவர்கள் கிளம்பும் முன் இதை ஒருமுறை தெருவில் நின்றே காட்டிவிடுங்கள்.

டிக்கெட் வந்துவிட்டால்? அபராதத் தொகை ஊருக்கு ஊர் மாறும். இது பார்க்கிங் டிக்கெட் என்பதால் லைசென்ஸில் பாயின்ட் ஏறாது. கட்டாமல் விட்டால் வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும்போது வந்து நிற்கும். தவறாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றினால், டிக்கெட் தேதியிலிருந்து 21 நாட்களுக்குள் முதல் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. அதிலும் சரிவரவில்லையென்றால் நேர்விசாரணை, அதற்குப் பின் நீதிமன்றம் என்று வழி இருக்கிறது. டேப் வைத்து அளந்த படம், வண்டியும் முனையும் சேர்ந்து தெரியும் படம் இரண்டையும் வண்டியை எடுப்பதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

உங்கள் தெருமுனையில் தினமும் யாராவது நிறுத்தி மறைக்கிறார்கள் என்றால், அண்டை வீட்டாரிடம் முதலில் சொல்லிப் பாருங்கள். பலருக்குச் சட்டமே தெரியாது. அப்புறம் நகராட்சிக்கு எழுதுங்கள். நகராட்சியிடம் குறைகளைச் சொல்வதற்கான 311 சேவை உள்ள ஊர்களில் அதன் வழியாகவே கர்புக்குச் சிவப்புப் பெயின்ட் கேட்கலாம். எந்தத் தெரு எந்தத் தெருவைச் சந்திக்கும் முனை, எந்தத் திசையில் போகும் லேன், எந்த நேரத்தில் மறைப்பு அதிகம் என்பதை எழுதி ஒரு படமும் சேருங்கள். அது பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் வழி என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.