"அதான் காசு கட்டிவிட்டேனே!"

அமெரிக்க அரசு அதிகாரிகளின் பயணச் செலவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. இந்த வாரமும் அதே மாதிரி ஒரு கோப்பு. ஒரு பெரிய அதிகாரி உறவினர் கல்யாணத்துக்கு ராணுவ விமானத்தில் போய் வந்திருக்கிறார். முன் அனுமதி எதுவும் இல்லை, கடைசிப் பக்கத்தில் ஒரு காசோலை நகல் மட்டும். கேட்டால், "அதான் காசு கட்டிவிட்டேனே!"

கட்டினால்? போகலாமா கூடாதா என்பது முதல் கேள்வி. கட்டணம் அதற்கப்புறம்தான் வரும். போகக்கூடாத பயணத்துக்கு எவ்வளவு கட்டினாலும் அது போகக்கூடாத பயணம்தான்.

அந்தக் கட்டணம் விமானச் செலவை ஈடுகட்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் அரசு விமானங்களை யார், எப்போது பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஏ-126 சுற்றறிக்கை கேட்பது, அதே வழியில் சாதாரணப் பயணிகள் விமானத்தில் எகானமி வகுப்புக்கு ஆகும் முழுக் கட்டணத்தை மட்டுமே. 2012-இல் பாதுகாப்பு அமைச்சர் லியோன் பனெட்டா கலிஃபோர்னியா வீட்டுக்குப் போய்வந்தது செய்தியானது. ஒரு தடவை போய்வர அரசுக்குச் சுமார் 32,000 டாலர் செலவு. அவர் கட்டியது சுமார் 630 டாலர். அவர்மேல் தப்பில்லை, பாதுகாப்பான தகவல் தொடர்பு வேண்டும் என்பதால் சொந்தப் பயணத்துக்கும் ராணுவ விமானத்தில்தான் போக வேண்டும் என்பது அவர் பதவிக்கான விதி. அதிகாரிகளே, உங்கள் பதவிக்கு அப்படி விதி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது.

"விமானம் எப்படியும் போகிறது, சீட் காலிதானே?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எப்படியும் போகிறதா, அல்லது கல்யாணத் தேதியை ஒட்டி அந்த ஊரில் ஒரு ஆய்வுக் கூட்டம் முளைத்ததா? நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். நிஜமாகவே காலி சீட் என்றாலும், டிக்கெட் வாங்காமல் போனது உங்களுக்கு லாபம். அந்த லாபத்தைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள்.

தயவுசெய்து கிளம்புமுன் உங்கள் துறையின் நெறிமுறை வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன "சரி" கோப்பில் ஏறாது. மனைவியோ கணவரோ கூட வந்தால் அவருக்கும் தனியாக அனுமதி கேளுங்கள். கட்டணக் கணக்குக்கு இணையத்தில் தேடிப் பிடித்த மலிவு விலையைக் காட்டாதீர்கள். பணம் அமெரிக்கக் கருவூலத்துக்குப் போக வேண்டும், விமானக் குழுவுக்கோ படைப்பிரிவுக்கோ அல்ல. 1849-லிருந்து சட்டம் அப்படித்தான். (ராணுவ விமானம் காசுக்கு ஆள் ஏற்றினால் அதன் 'அரசு விமானம்' என்ற சட்டத் தகுதியே கேள்விக்குள்ளாகும். விதிப்படி வசூலிக்கும் இந்தத் தொகைக்குத் தனியாக விலக்கு வைத்திருக்கிறார்கள்.)

படைவீரர் குடும்பங்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ராணுவ விமானங்களில் மிஞ்சும் 'ஸ்பேஸ்-ஏ' காலி இருக்கைகள் உங்களுக்கு இலவசம். பேட்ரியாட் எக்ஸ்பிரஸ் போன்ற, ராணுவம் ஒப்பந்தத்தில் எடுத்து ஓட்டும் தனியார் விமானங்களில் மட்டும் சிறு வரி உண்டு. இடம் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அதில் முன்பதிவே கிடையாது. திரும்பி வர சாதாரண டிக்கெட் எடுக்கிற அளவு பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.