537 ஓட்டும் ஒரு காகிதத் துணுக்கும்

"பென்சில்வேனியா டிரம்புக்கு வாக்களித்ததுன்னு டிவியில போடுறாங்களே, மாநிலம் எப்படி சார் ஓட்டுப் போடும்? மனுஷன்தானே போடுவான்?"

2024 நவம்பரில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. வகுப்பில் அவசரமாக ஒரு பதில் சொல்லிவிட்டேன். சொன்னபிறகு எனக்கே போதவில்லை. அந்தக் கடனைத்தான் இங்கே அடைக்கிறேன்.

அடிப்படையை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மொத்தம் 538 தேர்வாளர்கள், அவர்களில் 270 பேரின் ஓட்டு கிடைத்தால் அதிபர். ஒரு மாநிலத்துக்கு நாடாளுமன்றக் கீழவையில் எத்தனை உறுப்பினரோ அத்தனை பேர், அதோடு மேலவையான செனட்டுக்கு இரண்டு பேர், இதுதான் அந்த மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டையும் விட்டுவிட்டால் மற்ற 48 மாநிலங்களிலும் முதலில் வந்தவருக்கே அத்தனை தேர்வாளர்களும். டிசம்பரில் அவர்கள் மாநிலத் தலைநகரில் கூடிக் கையெழுத்துப் போடுகிறார்கள். மாநிலம் ஓட்டுப் போடுகிறது என்பது சொல்லலங்காரம் இல்லை, நிஜமாகவே அது போடுகிறது.

அதாவது ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் மொத்தமும் உங்களுக்கு. சின்ன வித்தியாசத்தைப் பிரம்மாண்டமாக்கிக் காட்டும் ஆம்ப்ளிஃபயர் இது. ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொரு குணமும் உண்டு. மைக்கில் இரைச்சல் இருந்தால் அதையும் சேர்த்தே பெரிதாக்கும்.

2000இல் ஃப்ளோரிடாவில் நடந்தது அதுதான்.

அன்று ஃப்ளோரிடாவுக்கு 25 தேர்வாளர்கள். நவம்பர் 7 அன்று, குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும் ஜனநாயகக் கட்சியின் அல் கோரும் மோதிய அதிபர் தேர்தலில், அங்கே ஏறக்குறைய 60 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். கடைசியில் சான்றளிக்கப்பட்ட கணக்கு: புஷ் 29,12,790, கோர் 29,12,253. வித்தியாசம் 537. பதினோராயிரம் பேருக்கு ஒருவர். அந்த 25ஐயும் சேர்த்துத்தான் புஷ்ஷுக்கு 271, கோருக்கு 266 (ஒரு தேர்வாளர் ஓட்டுப் போடவில்லை). நாடு முழுக்கக் கூட்டினால் கோர் 5 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வாங்கியிருந்தார் என்பது வேறு விஷயம். இன்னொரு வேடிக்கை: அதே தேர்தலில் நியூ மெக்ஸிகோவில் வித்தியாசம் இதைவிடக் குறைவு, வெறும் 366. அங்கே கோர் ஜெயித்தார். இருந்தது 5 தேர்வாளர்கள்தான், முடிவை மாற்றாது என்பதால் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ணுவதும் ஓர் அளவீடுதான். அளவீடு என்றால் பிழை உண்டு. லாரி எடைமேடையில் அரைப் பவுன் மோதிரத்தை நிறுத்த முடியுமா? எடைமேடை மோசமானது என்று அர்த்தமில்லை, லாரிக்கு அது போதும். ஃப்ளோரிடா அன்று மோதிரத்தை லாரி மேடையில் வைத்தது. வோலூசியா என்ற கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கணினியின் நினைவக அட்டை கோளாறாகி, ஒரு வாக்குச்சாவடியிலிருந்து கோருக்கு வந்த ஓட்டு கழித்தல் 16,022 என்று காட்டியது. ஆமாம், மைனஸ். அது அன்று இரவே பிடிபட்டுத் திருத்தப்பட்டுவிட்டது. பிடிபடாத பிழை, மக்கள் ஓட்டுப் போட்ட துளை அட்டைக்குள் இருந்தது.

இனி அந்த அட்டை. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இதுதான்.

மாநிலத்தின் 67 கவுன்டிகளில் 24இல் துளை அட்டை முறை. 1960களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக அரசியல் பேராசிரியர் ஜோசஃப் ஹாரிஸ், ஐபிஎம் விற்றுவந்த ஒரு கையடக்கத் துளை அட்டைச் சாதனத்தைப் பார்த்து, இதிலேயே ஓட்டுப் போடலாமே என்று யோசித்ததன் விளைவு. வோட்டோமேட்டிக் என்று பெயர். அட்டையில் வேட்பாளர் பெயரே இருக்காது, வரிசை வரிசையாகக் கட்டங்கள் மட்டும். ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் முன்கூட்டியே பாதி வெட்டி வைத்திருப்பார்கள், தபால்தலைத் தாளில் கிழிக்க வசதியாக ஓட்டை போட்டிருப்பதுபோல. நான்கு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கடுகளவுச் செவ்வகத் துணுக்குக்குத்தான் சாட் என்று பெயர். பேல்பூரிக் கடை சாட் இல்லை. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களுக்கே உறுதியாகத் தெரியாது.

அட்டையை மேசைமேல் இருக்கும் சட்டத்துக்குள் சொருக வேண்டும். மேலே இருக்கும் இரண்டு முளைகளில் அட்டையின் இரண்டு ஓட்டைகள் சரியாக உட்கார வேண்டும். அட்டைக்கு மேலே வேட்பாளர் பெயர்கள் அச்சிட்ட ஏடுகள், நடுவில் துளை வரிசை. கையில் ஓர் உலோக எழுத்தாணி. உங்கள் ஆள் பெயருக்கு நேரே இருக்கும் துளையில் குத்தினால் அது அட்டையைத் துளைத்து, சாட்டைக் கீழே தள்ளும். கீழே, அடுத்தடுத்து நெருக்கமாக ரப்பர் பட்டைகள். சாட் இரண்டு பட்டைக்கு நடுவே புகும். எழுத்தாணியை வெளியே இழுக்கும்போது சாட்டும் கூடவே மேலே வந்துவிடக் கூடாதே, அதற்காக ரப்பர் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிறகு அடியிலிருக்கும் தட்டில் விழும். எவ்வளவு அழகான ஏற்பாடு! மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம், ஒரு குத்து போதும்.

இப்போது இதே சாதனத்தைப் பல வருஷம் பழையதாக நினைத்துப் பாருங்கள். ரப்பர் இறுகிப்போகிறது. தட்டை யாரும் கொட்டுவதில்லை, சாட் குவிகிறது. குவியல் பட்டைவரை எட்டிவிட்டால் குத்திய சாட்டுக்குப் போக இடமில்லை, முட்டி நிற்கும். வாக்காளர் கையில் குத்திய உணர்வு இருக்கும், அட்டையில் ஓட்டை இருக்காது. அதிபர் பதவிக்கு எல்லாருமே குத்துவார்கள், நீதிபதிக்கும் மற்றவற்றுக்கும் பலர் குத்தாமலே போவார்கள். ஆகவே அதிகம் தேய்வதும் அடைவதும் அதிபர் வரிசைதான் என்று கோர் தரப்பு நீதிமன்றத்தில் வாதாடியது. புஷ் தரப்பு சாட்சியாக வந்தவர் ஜான் ஆமன், இந்த எந்திரத்தை மேம்படுத்திய பொறியாளர். அப்படியெல்லாம் அடைபடாது என்றார். குறுக்கு விசாரணையில் அவர் முன்பு வாங்கிய காப்புரிமை ஆவணத்தையே எடுத்து நீட்டினார்கள். சாட் சேர்ந்தால் குத்து சரியாக விழாது என்று அதில் அவரே எழுதியிருந்தார்.

ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் தொங்கும் சாட். இரண்டு மூலையில் ஒட்டியிருந்தால் ஊசலாடும் சாட். மூன்றில் ஒட்டியிருந்தால் மும்மூலை சாட். நான்கும் அப்படியே இருந்து நடுவில் மட்டும் குழி விழுந்திருந்தால் அது குழிந்த சாட், அல்லது புடைத்த பக்கத்திலிருந்து பார்த்து 'கர்ப்பிணி' சாட். எண்ணும் எந்திரம் அட்டைவழியே ஒளி பாய்ச்சி, ஒளி வந்தால் ஓட்டு என்று குறித்துக்கொள்ளும். தொங்கும் சாட் கதவுபோல மூடிக்கொண்டால் ஓட்டு இல்லை. அடுத்த முறை ஓடும்போது அது உதிர்ந்துவிட்டால் ஓட்டு உண்டு. அளக்க அளக்க அளக்கப்படும் பொருளே மாறுகிறது! முதல் கணக்கில் 1,784 ஆக இருந்த வித்தியாசம் எந்திரம் திரும்ப எண்ணியதும் 327 ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

துளை அட்டைக் கவுன்டிகளில் 100 சீட்டுக்கு 3.92 சீட்டில் அதிபர் ஓட்டு பதிவாகவில்லை. பேனாவால் நிரப்பி ஒளியால் வருடும் முறை இருந்த கவுன்டிகளில் 1.43. மாநிலம் முழுவதும் இப்படி எண்ணாமல் விடப்பட்டவை ஏறக்குறைய 1,75,000. அதற்குப் பக்கத்தில் 537ஐ வைத்துப் பாருங்கள்.

சரி, மனிதர்கள் கையில் எடுத்து எண்ணினால்? உள்ளாட்சித் தேர்தலில் எண்ணும் பணிக்குப் போயிருக்கிறேன். ஊராட்சித் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றில் முத்திரை சரியாக இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்க ஏஜெண்டும் ஒரே சீட்டைப் பார்த்து, "நல்லாத் தெரியுதே சார், எங்களுக்குத்தான்" என்றார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

பாம் பீச் கவுன்டியில் 1990இல் போட்ட விதி ஒன்று இருந்தது: நான்கு மூலையும் ஒட்டியிருந்தால் ஓட்டு இல்லை. அதோடு ஆரம்பித்தார்கள். நடுவில், துளி வெளிச்சம் தெரிந்தாலும் ஓட்டு என்று மாற்றினார்கள். மறுபடி பழைய விதிக்கே போனார்கள். கடைசியில் எந்த ஒரு விதியிலும் நிற்கவில்லை. பக்கத்து ப்ரோவர்டு கவுன்டி தாராளமாக எண்ணியதில், பாம் பீச்சைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு புது ஓட்டுகள் கிடைத்தன. மக்கள்தொகையில் அவ்வளவு வித்தியாசமே இல்லை. ஊருக்கு ஓர் அளவுகோல் என்ற இந்தக் குறையைக் காட்டியும், இனி நேரமில்லை என்று சொல்லியும்தான் டிசம்பர் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் மறு எண்ணிக்கையை முடித்துவைத்தது.

பிறகு செய்தி நிறுவனங்கள் சேர்ந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஓர் ஆய்வு மையத்தை வைத்து அந்த 1,75,000 சீட்டையும் பார்க்கவைத்தன. 2001 நவம்பரில் வந்த முடிவை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன். கையால் திரும்ப எண்ணச் சொல்லிக் கோர் கேட்ட நான்கு கவுன்டிகளில் மட்டும் எண்ணியிருந்தால் புஷ் ஜெயித்திருப்பார். எந்திரம் ஓட்டே இல்லை என்று விட்ட சீட்டுகளை மட்டும் மாநிலம் முழுக்க எண்ணியிருந்தாலும் புஷ்தான். இரண்டு குத்து விழுந்தவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் எண்ணியிருந்தால் கோர் ஜெயித்திருப்பார், எந்த அளவுகோல் என்பதைப் பொறுத்து 60 முதல் 171 ஓட்டு வித்தியாசத்தில். கோர் கேட்டதே அவருக்கு உதவியிருக்காது!

இரண்டு குத்து எப்படி விழும்? டூவல் கவுன்டியில் அதிபர் வேட்பாளர் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீண்டது. ஒவ்வொரு பக்கத்திலும் ஓட்டுப் போடுங்கள் என்று மாதிரிச் சீட்டில் அச்சிட்டிருந்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்டவர்களின் ஓட்டு செல்லாமல் போனது. பாம் பீச்சில் முதியவர்கள் அதிகம், எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று பெயர்களை இடமும் வலமுமாக இரண்டு ஏட்டில் போட்டு, நடுவில் ஒரே துளை வரிசை வைத்தார்கள். இடப்பக்கம் முதலில் புஷ், அடுத்து கோர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்திலிருந்த சிறிய கட்சி வேட்பாளர் ப்யூகனனுக்கு, கோருக்கு மூன்றாவது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அங்கே ப்யூகனனுக்கு விழுந்தது 3,407 ஓட்டு. அது தவறிப்போய்க் குத்தியது என்று எப்படிச் சொல்வது? ஆய்வாளர்கள் பிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். தபால் ஓட்டுச் சீட்டில் இந்த இரட்டை ஏடு கிடையாது. அதே ஊர், அதே வேட்பாளர்கள், வடிவம் மட்டும் வேறு. சாவடியில் ப்யூகனன் வாங்கிய பங்கு தபாலில் வாங்கியதைப்போல நான்கு மடங்கு! குறைந்தது 2,000 கோர் ஓட்டு அப்படி இடம்மாறியது என்பது அவர்கள் கணக்கு.

இங்கே என் ஆதங்கம் ஒன்று. பாதி வெட்டிய இந்தத் துளை அட்டை நம்பத்தகாதது, கைவிடுங்கள் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் ராய் சால்ட்மன் 1988லேயே அறிக்கை கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் அது அலமாரியில் தூங்கியது. தேர்தல் எந்திரம் வாங்குவது கவுன்டியின் செலவு. சாலைக்கும் நூலகத்துக்கும் போக மிச்சம் இருந்தால்தான் அதற்கு. ராக்கெட் ஆராய்ச்சிக்குக் கைதட்டுகிறவர்கள் ரப்பர் பட்டை ஆராய்ச்சிக்குப் பைசா தரமாட்டார்கள், இங்கேயும் அப்படித்தான். எந்திரம் என்றாலே மோசடி என்பதும், எந்திரம் சொன்னால் வேதவாக்கு என்பதும் என்னைப் பொறுத்தவரை ஒரே மூடநம்பிக்கையின் இரண்டு முகம். எத்தனை சதவீதம் பிழை என்று இரு தரப்பும் கேட்பதே இல்லை.

2000க்குப் பிறகு பணம் கொட்டியது. ஃப்ளோரிடா துளை அட்டையைத் தடை செய்தது, பல கவுன்டிகள் தொடுதிரைக்குப் போயின. 2006இல் சரசோட்டா கவுன்டியில் கீழவைத் தேர்தல். தொடுதிரையில் ஏறக்குறைய 18,000 பேர் அந்தப் பதவிக்கு மட்டும் ஓட்டே போடாததாகப் பதிவானது. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 369. (ஜெயித்தவர் பெயரும் ப்யூகனன், ஆனால் இவர் வேறு ஆள்.) திரையின் உச்சியில் அந்தப் போட்டியை ஒதுக்கி, கீழே ஆளுநர் தேர்தலைப் பளிச்சென்று போட்டதால் பலர் கண்ணிலேயே படவில்லை என்பது ஒரு விளக்கம். எந்திரக் கோளாறு என்றார்கள் தோற்ற தரப்பினர். இந்த முறை தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க அட்டையே இல்லை.

2008 முதல் அங்கே மறுபடி காகிதம். போட்டித் தேர்வில் நம் பிள்ளைகள் நிரப்பும் ஓஎம்ஆர் தாள் மாதிரிதான். அதிலும் சிலர் வட்டத்தை நிரப்பாமல் வேட்பாளர் பெயரைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு வருகிறார்கள். கையால் எண்ணும்போது எதை ஓட்டாக எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று மாநில விதியில் இப்போது படம் போட்டு வைத்திருக்கிறார்கள்.