வித்தவுட் ரீப்ளேஸ்மென்ட்: தமிழ்ல எப்படிச் சொல்றது?

ரீப்ளேஸ்மென்ட்னா நமக்கு மொதல்ல ஞாபகம் வர்றது பழுதான போனைக் குடுத்துட்டு வேற போன் வாங்குறது, இல்லன்னா முட்டி ஆபரேஷன். அதனால பசங்க நிகழ்தகவு கணக்குல "வித்தவுட் ரீப்ளேஸ்மென்ட்"ட "மாற்றீடு இன்றி"ன்னு எழுதிடுறாங்க. தப்பு. இங்க அந்த வார்த்தைக்கு நேரடி அர்த்தம்தான், ரீ-ன்னா மறுபடி, பிளேஸ்னா இடம், எடுத்ததை எடுத்த எடத்துலயே மறுபடி வைக்கிறது. (பிளேஸ் பிரெஞ்சு வழியா வந்தது, அதுக்கும் முன்னாடி லத்தீன்ல பிளாத்தேயா, அகலமான தெரு.) ஆக தமிழ்ல "திரும்ப வைக்காமல்", அவ்ளோதான், இதுக்குன்னு முரட்டுத்தனமா ஒரு கலைச்சொல் செஞ்சா படிக்கிறவனுக்குத்தான் கஷ்டம்.

வியாசர்பாடி பக்கம் வீடுங்கள்ல நடக்குற குலுக்கல் சீட்டையே எடுத்துக்குங்க. 20 பேர், மாசம் ஒரு பேரு எடுப்பாங்க, விழுந்த பேரைத் திரும்ப டப்பாவுல போட மாட்டாங்க. மொத மாசம் உங்க பேரு விழ வாய்ப்பு 1/20. விழலையா, அடுத்த மாசம் டப்பாவுல 19 பேருதான், இப்ப 1/19. "அப்போ லேட்டா எடுத்தா சான்ஸ் ஜாஸ்தியா?"ன்னு கேப்பாங்க, இல்லீங்க, ஏன்னா அந்த 1/19 மொத மாசம் உங்களுக்கு விழாம இருந்தாதான் செல்லும். அதையும் சேர்த்துப் பெருக்குங்க, 19/20 × 1/19, அடிபட்டு மறுபடி 1/20 தான் வருது. மூணாவது மாசத்துக்கும் அதே, கடைசி மாசத்துக்கும் அதே. குலுக்குறதுக்கு முன்னாடி எல்லா மாசமும் ஒண்ணுதான். அந்த 1/19-க்குப் பேரு நிபந்தனை நிகழ்தகவு.

அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் அதே சீட்டுல இருந்தா? மொத ரெண்டு மாசத்துல ஒருத்தருக்காவது விழ, ரெண்டு பேருக்குமே விழாத வாய்ப்பை 1-லேர்ந்து கழிக்கணும். 18/20 × 17/19 = 153/190, மிச்சம் 37/190, கிட்டத்தட்ட 19.5 சதவீதம். பேரைத் திரும்பப் போட்டிருந்தா சரியா 19. வித்தியாசம் கம்மிதான், ஆனா 20-க்குப் பதிலா 4 பேருன்னா அதே கணக்கு 5/6-க்கும் 3/4-க்கும் பிரிஞ்சிடும், டப்பா சின்னதாக ஆக திரும்ப வைக்காதது கடிக்கும்.

நிகழ்தகவுல வர்ற "தகவு" பழைய சொல்லு, தகு-ங்கற வேர்லேர்ந்து வந்தது, "தக்கார் தகவிலர்"னு குறள்லயே இருக்கு, அங்க அர்த்தம் நடுநிலை. நடக்கத் தகுந்த அளவு, அதான் நிகழ்தகவு. பாடப்புத்தகத்துல வர்ற "சமவாய்ப்பு முறையில்"ங்கறதும் எனக்குப் பிடிச்ச மொழிபெயர்ப்பு, ரேண்டம்னா கன்னாபின்னான்னு நெனைக்கிறவங்களுக்கு அதுலயே பதில் இருக்கு.

நம்ம சென்னைக்குத் தெக்க உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 10-ஆம் நூற்றாண்டு, ஊர்ச்சபைக்கு ஆளுங்களைக் குலுக்கித் தேர்ந்தெடுக்குற குடவோலை முறையைச் சொல்லுது. 30 குடும்பு, அதாவது வார்டு. ஒவ்வொண்ணோட பேரு எழுதுன ஓலைங்களையும் கட்டா கட்டிக் குடத்துல போடுவாங்க, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான், அதை வேற குடத்துல போட்டுக் குலுக்கி ஒரே ஓலை எடுப்பாங்க. எடுத்த கட்டு திரும்பக் குடத்துக்குப் போகாது. போயிருந்தா ஒரு வார்டுக்கு ரெண்டு ஆளு, இன்னொண்ணுக்கு யாருமே இல்லன்னு ஆகியிருக்கும்.