மூட்டத்துக்குள்ளும் வரும் கதிர்

“இங்க எப்பவும் மூட்டமாத்தானே இருக்கு டொக்டர், எனக்கு எப்படிக் கண்ணில சதை வளரும்?” மலையகத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் எங்கள் கண் கிளினிக்கில் அடிக்கடி கேட்பது இது. வெள்ளைவிழியில் இப்படிச் சதை வளர வெயிலின் புறஊதாக் கதிர் ஒரு காரணம். சூட்டை உணரவைக்கும் கதிர் வேறு, கண்ணைக் கெடுக்கும் புறஊதாக் கதிர் வேறு. குளிர்காற்று பின்னதைக் குறைப்பதில்லை. மெல்லிய மூட்டமாக இருந்தால் அதில் பெரும்பகுதி கீழே வந்துவிடும்.

இப்போது இளையவர்கள் கைபேசியில் புறஊதாச் சுட்டெண் பார்க்கிறார்கள், அதாவது தரைக்கு வரும் புறஊதா எவ்வளவு கடுமை என்று சொல்லும் எண். நல்ல பழக்கம். ஆனால் மலையில் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

290 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளக் கதிர்களை வளிமண்டலமே விழுங்கிவிடுவதால், சூரியனின் புறஊதாவை முழுதாக அளக்கக் கருவி விண்வெளிக்குத்தான் போகவேண்டும். 1978இல் நிம்பஸ்-7 செய்மதியில் ரொம்ஸ், 2004இல் ஓரா செய்மதியில் ஓஎம்ஐ, 2017இல் செண்டினல்-5பியில் ட்ரொபோமி என்று கருவிகள் போயின. சூரிய ஒளியையும் பூமியிலிருந்து சிதறித் திரும்பும் ஒளியையும் ஒப்பிட்டு, இடையில் புறஊதாவைத் தடுக்கும் ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று இவை கண்டுபிடிக்கின்றன. தரைக்கு வரும் கதிரின் அளவு, அந்த ஓசோனையும் மேகத்தையும் சூரியனின் உயரத்தையும் வைத்துப் போடும் கணக்கு. கைபேசி காட்டும் சுட்டெண்ணும் இப்படிப்பட்ட கணக்குதான்.

இதில் என்னை யோசிக்கவைப்பது ஒன்று உண்டு. அளக்கப் போன கருவியின் உணர்திறனையே இந்தக் கதிர் மெல்ல மெல்லக் குறைத்துவிடும். 2003இல் ஏவிய சோர்ஸ் செய்மதியின் சொல்ஸ்டிஸ் கருவி, ஒளி மாறாத சில நட்சத்திரங்களைப் பார்த்துத் தன்னைச் சரிபார்த்துக்கொண்டது. நம் கண்வில்லைக்கு அந்த வசதி இல்லை. வருடக்கணக்காக வாங்கிய கதிர் வெண்புரைக்கு ஒரு காரணமாகிறது.

சரி, மலைக்கு வருவோம். ஓஎம்ஐ பார்க்கும் ஒரு கட்டம் நேர் கீழேயே 13க்கு 24 கிலோமீற்றர். ஹட்டனைச் சுற்றி அவ்வளவு பரப்பில் எத்தனை உச்சி, எத்தனை பள்ளம்! அதுவும் பிற்பகலில் நாளுக்கு ஒருமுறைதான் கடக்கிறது. காலையெல்லாம் பளிச்சென்று வெயிலடித்துப் பின்னேரம் மூடுகிற நாளில், அது பார்ப்பது மூடிய வானத்தை.

உயரமும் சேர்கிறது. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் கதிர் சுமார் 10 வீதம் கூடும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,900 மீற்றர். அதே வானம் என்றால் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். தெளிந்த வானமானால் நண்பகலில் சுட்டெண் 11ஐத் தாண்டும், அது மிகக் கடுமையான அளவு. ஏப்ரல் சீசனுக்கு வருபவர்கள் சுவெட்டர் போட்டுக்கொண்டு தொப்பியை மறந்துவிடுகிறார்கள்.

கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறவர்களுக்குத் தலைத்துணி மட்டும் போதாது, கண்ணுக்கு நிழல் விழ அகன்ற விளிம்புத் தொப்பி வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் அதைக் கொடுக்கத்தான் வேண்டும். கண்ணாடி வாங்கினால் கறுப்பு நிறத்தைப் பார்க்காதீர்கள், ‘யூவி 400’ (400 நனோமீற்றர் வரையான புறஊதாவைத் தடுப்பது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். சதை கருவிழிப் பக்கம் நகர்வது தெரிந்தால் தாமதிக்காமல் கிளினிக்குக்கு வாருங்கள். அறுத்து எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வளரும். சத்திரசிகிச்சைக்கு அப்புறமும் தொப்பியை விடாதீர்கள்.